இந்திய தேசத்தின் முதற் கூட்டு மந்திரி சபை

நம் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் மேலப்பாளையத்தில் நடைபெற்ற ஞான்று, நிர்வாகக் குழுவிற்குரிய பதினோரிடங்களை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றி நெடுநேரம் வாதம் நிகழ்ந்ததனை அன்பர்கள் மறந்திரார். தெருவுக்கு ஒருவர் என்றனர் சிலர். குடும்பக் கிளைக்கு ஒருவர் என்றனர் வேறு சிலர். கணக்கறிந்தவரும் காரியம் முடிக்க வல்லவரும் எத்தெருவினராயினும் ஆகுக, அவரையே அமர்த்துக என்றனர் மற்றுஞ் சிலர். இம்மூன்றாங் கட்சியை யாமும் அன்று ஆதரித்துப் பேசினோம். முடிவு யாதும் காணாமலே கூட்டம் கலைந்தது.

வெளிப்போதுங்கால் இளைஞரொருவர் எம்மை அணுகி, “வாத்தியாரையா, நாலு தெருவைக் கவனிக்க நமக்கு இத்தனை சண்டை. நாட்டை ஆள முதன்முதல் மந்திரி சபை அமைத்தார்களே, அவர்கள் தலையை எண்ணி வைத்தார்களா, ஆளைப் பார்த்து வைத்தார்களா?” என வினவினார். “இரண்டும் செய்தார்கள், தம்பி. ஓராண்டு முன்பின்னாகச் செய்தார்கள்” என விடையிறுத்தோம். அவ்விடையை விரித்து எழுதுமாறு பத்திரிகைக் காரியதரிசி அவர்களும் பணித்தமையின் இக்கட்டுரை எழுதலாயிற்று. எழுதுவதற்காகப் பழைய வரலாறுகளைப் புரட்டியபின், யாம் அவ்விளைஞருக்குக் கூறிய விடையும், அதன்முன் கூட்டத்திற் பேசிய பேச்சும் முழுதும் சரியல்லவென எமக்கே தோன்றிற்று. அதனை மறையாது கூறுவோம்.

அரசனுக்குத் துணையாகிய அவை இன்னாரைக் கொண்டது என்னும் ஆராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. ஐம்பெருங்குழு என்பதற்கு அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் என உரையாசிரியர் பொருள் கூறுவர். இவ்வைவரும் செய்யுந் தொழிலாற் பெயர் பெற்றவரேயன்றி, இன்ன குடியினர், இன்ன ஊரினர் என்பதனாற் பெற்றவரல்லர். ஆனால் எண்பேராயத்துள் கரணத்தியலவர், படைத்தலைவர் முதலியோரோடு நகரமாந்தர் என்றொரு பகுதியினரும் எண்ணப்படுகின்றனர். நகரமாந்தர் என்பது தொழிற்பெயரன்று. அவையின்கண் ஊராரும் இருத்தல்வேண்டும் என்பதற்காக இட்ட இடம் அது. ஆகவே, தொழில் நோக்கி அமர்த்தலும் ஆளின் சார்பு நோக்கி அமர்த்தலும் ஆகிய இரண்டும் பழமையுடையனவே.

இனி 1946-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டில் அமைந்ததனை இடைக்கால சர்க்கார் என்றும் மந்திரி சபை என்றும் வழங்கினர். சட்டப்படி பார்ப்பின் அது மந்திரி சபையன்று. வைசிராயின் நிர்வாக சபையே. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாகாணப் பகுதி மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மத்திய ஆட்சி பற்றிய பகுதி ஏட்டளவில் நின்றது. ஆதலின் டெல்லியில் வைசிராயே சபைத் தலைவர். ஜவாஹர்லால் நேரு உபதலைவர் மாத்திரமே. அங்கத்தினர் சட்டசபைக்குப் பொறுப்புடையவரல்லர், வைசிராய்க்கே பொறுப்புடையவர். பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருந்த இந்நிலையைப் பின்வருஞ் செய்திகளுக்கெல்லாம் அடிப்படையாக அன்பர்கள் மனத்திற் கொள்ளுதல்வேண்டும்.

தலையெண்ணும் வேலை அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1945 ஜூன் 25-ல் வைசிராய் வேவல் பிரபு சிம்லாவில் ஒரு மாநாடு கூட்டினார். நிர்வாக சபையில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையினராக இருப்பர் என்பது அவர்தந் திட்டம். எண்ணிக்கையைப் பற்றிக்கூட ஒருவாறு இசைவு ஏற்பட்டிருக்கும். முஸ்லிம்களுக்குரிய இடங்களுக்கு ஆட்களைப் பெயர் குறிக்கும் உரிமை முஸ்லிம் லீகுக்கே உரியது, பிறர் எவரும் ஒரு முஸ்லிமையும் குறித்தலாகாது என ஜின்னா சாகிபு உறுதியாக நின்றார். அக்காலத்திற் காங்கிரஸின் தலைவராக மாநாட்டில் அமர்ந்திருந்தவரோ மௌலானா அபுல் கலாம் ஆசாத். தலைவரே முஸ்லிமாயிருக்க, அக்கட்சி முஸ்லிம் ஒருவரையும் அனுப்பலாகாது என்பதற்கு அவர்கள் எங்ஙனம் இசைவர்? ஜூலை 14-ல் மாநாடு முறிந்தது.

மறு ஆண்டு பெதிக்-லாரன்ஸ், ஸ்டாபோர்டு கிரிப்ஸ், அலெக்ஸாண்டர் என்னும் மூவர் அடங்கிய பிரிட்டிஷ் மந்திரி தூதுகுழு இந்தியா வந்தது. மே 16-ல் அரசியலமைப்பு பற்றிய தன் திட்டத்தை வெளியிட்டது. அதன்பின் இடைக்கால சர்க்காருக்கு ஆள் சேர்க்கும் பேச்சு. அக்காலத்து வேவல் பிரபு கையாண்ட எண்களைப் பார்த்தால், நம் பள்ளிச் சிறுவர் கணக்கு வகுப்பிற் செய்யும் விகித வாய்பாடு நினைவுக்கு வரும். காங்கிரஸ் ஐந்து, லீக் ஐந்து, பிறர் இரண்டு என்றார். ஒவ்வாதாகப் பிறர் மூன்று என்றார். அதுவும் ஒவ்வாதாக ஜூன் 16-ல் காங்கிரஸ் ஆறு, லீக் ஐந்து, சிறுபான்மையோர் மூன்று எனப் பதினால்வர் பெயரைத் தாமே அறிவித்தார். ஆறாவது இடம் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகிய ஜகஜீவன் ராமுக்கு. அதனால் சாதி இந்துக்கள் ஐவர், லீகர் ஐவர் என்னும் சமநிலையும் கெடவில்லை, காங்கிரஸுக்கு ஓரிடமும் மிகுந்தது. தராசின் இரு தட்டும் ஒத்து நிற்குமாறு படிக்கல்லைப் பார்த்துப் பார்த்து இட்டனர். ஆயினும் அப்பட்டியலிற் காங்கிரஸ் முஸ்லிம் ஒருவரும் இல்லை. ஜூன் 25-ல் காங்கிரஸ் அதனை மறுத்தது. லீக் ஏற்றும் வேவல் லீகைமட்டும் கொண்டு சபை அமைத்தாரல்லர். ஜூலை 29-ல் லீக் முன்னளித்த சம்மதத்தையெல்லாம் திரும்பப் பெற்று, ஆகஸ்டு 16-ஐ நேரடி நடவடிக்கை நாளெனக் குறித்தது. அன்று கல்கத்தாவிற் பிடித்த நெருப்பில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதனை விரித்தெழுத எம் எழுதுகோல் கூசுகின்றது.

அந்நெருப்பு அணையுமுன்னரே, 1946 செப்டம்பர் 2-ல், லீக் இல்லாமல் இடைக்கால சர்க்கார் பதவியேற்றது. நேரு, வல்லபபாய் படேல், இராஜேந்திர பிரசாத், நம் இராஜகோபாலாச்சாரியார், சரத் சந்திர போஸ், ஜகஜீவன் ராம், ஆசப் அலி, ஷபாத் அகமது கான், சையத் அலி ஜாஹீர், சீக்கியராகிய பல்தேவ் சிங், கிறிஸ்தவராகிய ஜான் மத்தாய், பார்சியாகிய பாபா எனப் பன்னிருவர் இச்சபைக்கு அறிவிக்கப்பட்டோர். முஸ்லிம்களுக்கென ஐந்திடம் வைத்து, மூன்றனை நிரப்பி, இரண்டனைக் காலியாக வைத்தனர். ஷபாத் அகமது கான் பெயர் வெளியான ஆகஸ்டு 24-ஆம் நாளிலேயே சிம்லாவில் அவரைக் கத்தியாற் குத்தினர். உயிர் பிழைத்து அவர் பதவியும் ஏற்றார். ஆனால் எட்டு வாரத்திற்குள், லீகுக்கு இடம் ஒழிப்பதற்காக அவரும் அலி ஜாஹீரும் சரத் போஸும் வெளியேற நேர்ந்தது. குத்துண்டது எதற்காக என்று அவர் நினைத்திருப்பாரோ, யாமறியோம்.

அக்டோபர் 26-ல் லீகர் ஐவர் வந்து சேர்ந்தனர். ஜின்னா சாகிபு தாம் வந்தாரல்லர். லியாகத் அலி கான், சுந்திரிகர், அப்துர் ரப் நிஷ்தர், கஜன்பர் அலி கான் என்போர் நால்வர். ஐந்தாமவர் பெயரைக் கேட்டு நாடே வியந்தது. அவர் முஸ்லிம் அல்லர். வங்காளத்துத் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் தலைவராகிய ஜோகேந்திர நாத் மண்டல். காங்கிரஸ் தன் பங்கில் ஆசப் அலியாகிய முஸ்லிமை வைத்தது. லீக் தன் பங்கில் மண்டலாகிய இந்துவை வைத்தது. சதுரங்கத்தில் ஒரு காய்க்கு எதிர்க்காய் நகர்த்தியதுபோலவே இது முடிந்தது. ஆயினும் மண்டலை வெறுங்காயென்று தள்ளுதல் பெரும்பிழை. 1946-ல் பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் செல்ல டாக்டர் அம்பேத்கருக்கு வழியில்லாதிருந்தபோது, வங்காளத்திலிருந்து அவர் தேர்ந்தெடுக்கப்பட முன்னின்று உதவியவர் இம்மண்டலே. அம்பேத்கரை அச்சபைக்குள் முதலிற் புகவிட்ட கதவு அவர் திறந்தது.

இப்பொழுது இலாகாப் பங்கீடு. சபையில் இடம் பெறுதல் வேறு, இலாகாப் பெறுதல் வேறு என்பது அன்றுதான் எல்லார்க்கும் விளங்கிற்று. உள்நாட்டு இலாகாவை லீக் விரும்பியது. படேல் அதனை விட மறுத்துவிட்டார். அதற்கு ஈடாக நிதி இலாகாவைக் கொடுப்போம், அக்கணக்குவழக்கின் நுட்பம் லீகருக்குப் பிடிபடாது, வேண்டாவென்று மறுப்பர் என்று காங்கிரஸாருட் சிலர் கருதினர். சௌதரி முகமது அலி என்னும் நிதி இலாகா உத்தியோகஸ்தர் மட்டும் அதன் வலிமையை உணர்ந்து, தயங்காமற் பெற்றுக்கொள்க என லீகருக்கு உரைத்தார். லியாகத் அலி கான் பெற்றுக்கொண்டார். அதுகாறும் அவ்விலாகாவை வைத்திருந்த ஜான் மத்தாய் வேறு இலாகாவுக்கு மாறினார்.

எம்மூர் தறிகளுக்குப் பேர் போனது. பாவு ஒருவர் கையிலும் ஊடை மற்றொருவர் கையிலும் இருந்து, இருவரும் ஒருவரையொருவர் நோக்காதிருப்பின் துணி எங்ஙனம் வளரும்? ஒவ்வோர் இலாகாவின் செலவுக்கும் நிதி இலாகாவின் இசைவு வேண்டும். படேலின் இலாகாவிற் புதிதாக ஒரு சேவகனை நியமிப்பதாயினும் லியாகத்தின் கையொப்பம் வேண்டியிருந்தது. இதனால் அவர் நொந்துகொண்டார் என மௌலானா ஆசாத் தம் நூலிற் குறித்துள்ளார். சபை கூடுமுன் நேரு அங்கத்தினரைத் தேநீருக்கு அழைத்து முன்கூட்டிப் பேசும் வழக்கம் வைத்திருந்தார். லீகர் அதற்குச் செல்லவில்லை. சென்றால் நேருவைத் தலைவராக ஒப்புக்கொண்டது போலாகும் என்பது அவர்தம் எண்ணம். அவர்கள் தம்முள் தனியே கூடி முடிவுசெய்து வந்தனர். இச்சபையில் இருந்துகொண்டே, டிசம்பர் 9-ல் கூடிய அரசியல் நிர்ணய சபைக்கு லீகர் வாராதிருந்தனர். 1947 பெப்ருவரித் தொடக்கத்தில், லீகர் விலகவேண்டுமென்று மற்றை ஒன்பது அங்கத்தினரும் வைசிராய்க்கு எழுதினர். பதினால்வருள் ஒன்பதின்மர் ஐவரைப் போக்கச் சொல்லியும் போக்க முடியவில்லை. ஏனெனின் அவ்வைவரை அங்கே வைத்தவர் அவ்வொன்பதின்மர் அல்லர்.

1947 பெப்ருவரி 28-ல் லியாகத் அலி கான் வரவுசெலவுத் திட்டம் கொண்டுவந்தார். உப்பு வரியை ஒழித்தார். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வியாபார லாபத்தின்மேல் நூற்றுக்கு 25 வீதம் புதுவரி என்றார். யுத்தகாலத்தில் வரி ஏய்த்துப் பெருஞ்செல்வம் திரட்டினாரை விசாரிக்க ஒரு கமிஷன் என்றார். இவை காங்கிரஸ் மேடைகளிற் பலகாலும் பேசப்பட்டவையே, எதிர்ப்பதற்கு வாயில்லை. ஆனால் காங்கிரஸுக்குப் பொருளுதவி செய்த பெருவணிகரே முதலில் அடிபட்டனர். இது ஏழைகள்பால் இரக்கமோ, எதிர்க்கட்சிமேல் வன்மமோ என்று அன்று பத்திரிகைகள் வாதிட்டன. இரண்டும் இருந்திருக்கலாம். வரியின் வீதம் பின்னர்க் குறைக்கப்பட்டது. கமிஷன் மட்டும் சட்டமாகி நின்றது. அக்கமிஷனைப் பின்னும் ஒருமுறை சந்திப்போம்.

அதற்குமேல் நிகழ்ந்தவை எல்லாரும் அறிந்தவை. மார்ச்சில் வேவல் சென்று மவுண்ட்பேட்டன் பிரபு வந்தார். ஜூன் 3-ல் பிரிவினைத் திட்டம் வெளியாயிற்று. ஜூலையில் அச்சபையே இந்தியாவுக்கொன்றும் பாகிஸ்தானுக்கொன்றுமாக இரு கூறாயிற்று. தேசம் பிளக்குமுன் மந்திரி சபை பிளந்தது.

1947 ஆகஸ்டு 15-ல் சுதந்திர இந்தியாவின் முதல் மந்திரி சபை பதவியேற்றது. நேருவோடு பதினால்வர். அவருள் எண்மர் காங்கிரஸார். அறுவர் அக்கட்சியைச் சேராதவர். அரசியல் நிர்ணய சபையில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை மலைபோல் இருந்தது. வெளியார் ஒருவரும் வேண்டியதில்லை. பிரிட்டனில் 1931-ல் மக்டனால்டும் 1940-ல் சர்ச்சிலும் தேசிய மந்திரி சபை அமைத்தது இடுக்கண் நேர்ந்து பிற கட்சியின் கை தேவைப்பட்டமையால். இங்கோ கை தேவைப்படாதபோதே அழைத்தனர். சுதந்திரம் வந்தது நாட்டிற்கேயன்றி ஒரு கட்சிக்கன்று என்னும் காந்தியடிகளின் கருத்தே இதற்குக் காரணமெனப் பலரும் எழுதியிருக்கின்றனர்.

அழைக்கப்பட்டவர் யாரெனப் பார்த்தல் வேண்டும். நம் தமிழ்நாட்டவராகிய கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் நிதி மந்திரியாயினார். 1892-ல் பிறந்தவர். மத்திய சட்டசபையின் தலைவராய் 1933, 1934-ல் வீற்றிருந்தவர். 1932-ல் ஒட்டாவா மாநாட்டிற்குச் சென்று பிரிட்டிஷ் பொருள்களுக்குச் சலுகை தரும் உடன்படிக்கைக்குத் துணைநின்றவர் என்று காங்கிரஸார் அவரைக் கடிந்தனர். 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊர் ஊராய்ச் சென்று எதிர்த்து அவரைத் தோற்கடித்தனர். அதன்பின் கொச்சி சமஸ்தானத்துத் திவானாய் 1941 வரை இருந்தார். எம்போன்ற தமிழாசிரியர்க்கோ அவர் வேறொரு வகையிலும் உரியவர். தமிழிசை இயக்கத்திற்கு உறுதுணையாய் நின்றவர், சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்தவர். தாம் தோற்கடித்த இவரையே பதின்மூன்றாண்டு கழித்து அழைத்து, நாட்டின் பெட்டிச் சாவியைக் காங்கிரஸார் கொடுத்தனர். 1947 நவம்பர் 26-ல் சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அவர் வெளியிட்டார். ஏழரை மாதக் கணக்கு அது. வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி, செலவிற் பாதிக்குச் சிறிதே குறைய இராணுவத்துக்கு. இந்நாளைக் கணக்கோடு ஒப்பிட்டு நகைக்கவேண்டா. அகதிகள் இலட்சக்கணக்காய் வந்துகொண்டிருந்த காலம் அது.

சட்ட மந்திரி டாக்டர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் சபையில் தொழில் அங்கத்தினராயிருந்தவர். காந்தியடிகளையும் காங்கிரஸையும் கடுமையாகத் தாக்கி நூல் எழுதியவர். இந்து மகாசபைத் தலைவராயிருந்த சியாம பிரசாத் முகர்ஜி கைத்தொழில் மந்திரி. இவரைப்பற்றி ஒரு சிறு செய்தி: 1940-ல் லாகூரில் பாகிஸ்தான் தீர்மானத்தைப் பிரேரித்த பஸ்லுல் ஹக், மறு ஆண்டே வங்காளத்தில் அமைத்த கூட்டு மந்திரி சபையில் இவர் நிதி மந்திரியாயிருந்தார். அரசியலிற் பகை நட்பாவதும் நட்புப் பகையாவதும் இத்தன்மைய. பல்தேவ் சிங் பாதுகாப்புக்கும், மத்தாய் ரயில்வேக்கும், பாபா வாணிபத்துக்கும் முன்போலவே காங்கிரஸைச் சாராது இருந்தனர்.

யாம் இளைஞருக்குக் கூறிய விடை பிழைத்தது இங்கேதான். முன்னது எண்ணி அமைத்தது, பின்னது ஆளைப் பார்த்து அமைத்தது என்றன்றோ கூறினோம்? பின்னதையும் எண்ணிப் பார்த்தோம். முஸ்லிம்கள் இருவர், ஆசாத்தும் கித்வாயும். கிறிஸ்தவர் இருவர், மத்தாயும் ராஜகுமாரி அம்ரித் கௌரும். சீக்கியர் ஒருவர், பார்சி ஒருவர். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் இருவர், அம்பேத்கரும் ஜகஜீவன் ராமும். பெண்பாலர் ஒருவர். தென்னாட்டினர் சண்முகம் செட்டியாரும் மலையாளியாகிய மத்தாயும். இது தற்செயலாய் அமைந்ததென யாரே கூறுவர்? எண்ணித்தான் இட்டனர், எண்ணியதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவே. முந்திய சபையில் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு கட்சி அனுப்பிவைத்தது. அனுப்பியவர் வாசலிலேயே அவர் கண் இருந்தது. பிந்திய சபையில் எல்லாரையும் ஒரே கை அழைத்தது, எல்லாரும் ஒரே சபைக்குப் பொறுப்புடையவராயினர்.

எண்ணுதலே கூடாதென்று அன்று கூட்டத்திற் பேசினோம். எண்ணாதிருந்தால் 1946 ஜூனில் முப்பத்தெட்டே வயதாகிய ஜகஜீவன் ராமின் பெயர் அப்பட்டியலில் ஏறியிருக்குமா? மண்டல் டெல்லிக்கு வந்திருப்பாரா? தகுதியுடையார் இலரென்பதன்று, தகுதியைத் தேடிச்செல்லும் கண் அத்தெருக்கள் பக்கம் திரும்பியிராது. நம் கூட்டத்திலும் தெருவுக்கு ஒருவர் எனக் கேட்டவர் பெரும்பாலும் கடைசித் தெருக்களினர் என்பது அப்பொழுது எம் மனத்திற் படவில்லை.

இனி, சபையில் தம்மவர் இருப்பதனாலேயே எல்லாம் நிறைவேறும் என்பாருக்குக் கடல்கடந்த ஓர் உதாரணம். 1947-ல் இலங்கையில் டி. எஸ். சேனநாயக அமைத்த மந்திரி சபையில் சுந்தரலிங்கம், சிற்றம்பலம் என்னும் தமிழர் இருவர் இருந்தனர். 1948-ல் அச்சபையின் ஆட்சியிலேயே குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, தோட்டத் தொழிலாளராகிய தமிழர் பல லட்சம்பேர் நாடற்றவராயினர். பாதிக்குப் பாதி இடம் கேட்ட ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களும் அவ்வாண்டிலேயே மந்திரியாகச் சேர்ந்தார். சுந்தரலிங்கம் அவ்வாண்டு முடியுமுன் விலகினார். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்கள் எத்தனை என்பதை இப்பத்திரிகையின் வாசகர்க்கு யாம் எடுத்துரைக்கவேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்திற்கு உதாரணம் எம் பக்கத்து ஊரிலேயே உண்டு. திருநெல்வேலிப் பேட்டையில் 1896-ல் பிறந்த முகம்மது இஸ்மாயில் சாகிபு, காயிதே மில்லத் எனப் பின்னர்ச் சிறப்பிக்கப்பெற்றவர், பிரிவினைக்கு முன் சென்னை மாகாண லீகின் தலைவர். முஸ்லிம்களின் இடம் அனைத்தும் எமதே என வாதிட்ட லீகின் பெருந்தலைவர்கள் எல்லைக்கு அப்பாற் சென்றபின், மேலப்பாளையமும் பேட்டையும் காயல்பட்டினமும் இருந்த இடத்திலேயே இருந்தன. 1947-ஆம் ஆண்டு மந்திரி சபையில் அவருக்கோ அவர் கட்சியினருக்கோ இடமில்லை. அவர் 1948 மார்ச்சில் சென்னையிற் கூடி இந்திய யூனியன் முஸ்லிம் லீகை அமைத்து, அரசியல் நிர்ணய சபையில் எதிர்வரிசையில் அமர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில், ஒரு சமூகத்தார் தம் தனிச்சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது எனத் திருத்தம் கொணர்ந்து வாதாடினார். திருத்தம் தோற்றது. வாதம் சபைக்குறிப்பில் நிற்கின்றது. மந்திரிப் பதவி இன்றியும் ஒருவர் தம் மக்களுக்காகப் பேசுதல் கூடும் என்பதற்கு இதனினும் அருகிலுள்ள சான்று எமக்குத் தெரியவில்லை.

அழைத்தமைத்த அச்சபை எத்தனை நாள் நின்றது? நெடுநாள் நின்றதென்று பொய் கூறோம். முதலில் பாபா 1948-ல் விலகினார். அவ்வாண்டு ஆகஸ்டில் சண்முகம் செட்டியார் விலகினார். லியாகத் அலி கான் தோற்றுவித்த அவ்வரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பப்பட்டிருந்த வழக்குகளுட் சில மீட்டுக்கொள்ளப்பட்டன என்று எழுந்த சர்ச்சையே காரணம். இடைக்கால சர்க்கார் விட்டுச்சென்ற முள், அதனிற் பங்கேயில்லாத தமிழர் காலில் தைத்தது. அவர் இடத்திற்கு மத்தாய் மீண்டும் வந்தார். திட்டக் கமிஷன் பற்றிய கருத்துவேறுபாட்டால் 1950-ல் அவரும் சென்றார். அவ்வாண்டு ஏப்ரலில், லியாகத்தோடு நேரு செய்துகொண்ட உடன்படிக்கையை ஒப்பாது முகர்ஜி விலகினார். 1951 செப்டம்பரில், இந்து சட்டத் திருத்த மசோதா கைவிடப்பட்டமை முதலிய காரணங்களால் அம்பேத்கர் விலகினார்.

மண்டலின் முடிவும் சொல்லற்பாலது. 1947 ஆகஸ்டு 10-ல் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதற் கூட்டத்திற்குத் தற்காலிகத் தலைமை வகித்தவர் அவர். அந்நாட்டின் முதற் சட்ட மந்திரியும் அவரே. கிழக்கு வங்காளத்தில் தம் மக்கள் பட்ட துன்பத்திற்குத் தம் சகமந்திரிகள் செவிசாய்க்கவில்லை என நெடியதொரு கடிதம் எழுதிவைத்துவிட்டு, 1950 அக்டோபரில் பதவி துறந்து கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஆக, இரு நாடுகளின் முதற் சட்ட மந்திரிகளும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஒருவரை ஒருவர் அறிந்தவர். ஓராண்டு இடைவெளியில் இருவரும் மனம் வெறுத்து விலகினர். ஒருவர் அனுப்பப்பட்டு வந்தவர், மற்றவர் அழைக்கப்பட்டு வந்தவர் என்னும் வேற்றுமை அவ்விடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. ஆயினும் அம்பேத்கர் வெளியேறுமுன் அரசியலமைப்பு முடிந்து நடைமுறைக்கு வந்திருந்தது.

நம் குழுத் தேர்தற் கூட்டம் மீண்டும் கூடவிருக்கின்றது. யாம் முன் கூறிய யோசனையைத் திரும்பப் பெற்று, வேறொன்று எழுதிக் காரியதரிசி அவர்களிடம் சேர்ப்பித்துள்ளோம். தெருவுக்கு ஒருவராக ஏழிடம். எஞ்சிய நாலிடம் பொதுக்கூட்டம் முழுவதும் சேர்ந்து தேர்வது. பொருளாளர் அந்நால்வருள் ஒருவராகவே இருத்தல். தெருவின் பெயரால் வந்தவராயினும் அவரை நீக்கும் அதிகாரம் அத்தெருவுக்கன்றிப் பொதுக்கூட்டத்துக்கே இருத்தல். இதில் ஏழு போதாது, எட்டு வேண்டும் என்பாரும், நாலு மிகுதி என்பாரும் தத்தம் கருத்தை இம்மாதக் கடைசிக்குள் சங்க விலாசத்துக்கு எழுதுவார்களாக.